பனியில் நின்ற காரும் பத்து மணி விசாரணையும்

இன்று காலை எட்டரை மணிக்கு, கந்தப்பளையில் என் பழைய வாடகைக் கார் கிளம்ப மறுத்தது.

பின்சீட்டில் மீனாட்சி அக்கா. தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை செய்பவர். பத்து மணிக்கு நுவரெலியாவில் அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணை; முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த தோட்டக் குடும்பம் என்பதால் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. போகாவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

ஹாரன் பலமாக அடித்தது, அதனால் பேட்டரியில் குறையில்லை. பெட்ரோலும் வந்தது. ஆனால் பிளக்கில் பொறி வரவில்லை.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் மூடியைக் கழற்றினேன். உள்ளே பனி இறங்கி நனைந்திருந்தது. துணியால் எவ்வளவு துடைத்தும் ஈரம் போகவில்லை.

"ஈரத்த எடுக்கத்தானே தம்பி எங்க பெக்டரியே இருக்கு. இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு அக்கா நடந்தார்.

தேயிலை காய்கிற அடுப்பருகே வைக்க, பெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் சிரித்துக்கொண்டே விட்டாராம். சூடாகத் திரும்பி வந்த மூடியை மாட்டினேன். உடனே கிளம்பியது.

நுவரெலியாவில் நாங்கள் அலுவலகப் படியேறும்போதே அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அக்கா வெளியே வந்ததும் கேட்டேன். "என்னக்கா சொன்னாங்க?"

"எத்தன வருசமா இங்க இருக்கேன்னு கேட்டாங்க. பொறந்ததுலேருந்து இங்கதான்னேன். அதுக்குக் காயிதம் எங்கன்னாங்க. முடிவக் கடிதாசியில போடுவாங்களாம், தம்பி."

அக்காவை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினேன்.

கார் ஏன் கிளம்பவில்லை என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம். இங்கே பிறந்தவர் இந்த ஊர்க்காரர்தான் என்று கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆகும்? கடிதம் கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.