ஆரோக்கியம் குடித்த தண்ணீர்

1. சுவரில் ஒட்டிய தாள்

ஒரு புதன்கிழமை காலை, ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தபோதுதான், டிரைவர் ஆரோக்கியசாமியின் வேலைக்கு உலை வைத்தவன் நான் என்று எனக்குத் தெரிந்தது. "மெக்கானிக் தேவராஜ் தம் கைப்பட எழுதிய பதிவேட்டின்படி, மேற்படியார் பணி நேரத்தில் தொடர்ந்து மது அருந்தி வந்தது தெரியவருவதால், தற்காலிகமாகப் பணி நீக்கம் செய்யப்படுகிறார். வரும் சனிக்கிழமை இவ்விஷயம் காவல் துறையிடம் ஒப்படைக்கப்படும்" என்றிருந்தது. பிழையில்லாத நல்ல தமிழ்.

ஆரோக்கியம் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். ராயபுரத்துக்காரன். எட்டு வருடமாக டெம்பரரி. அந்த மாதம்தான் அவனைப் பெர்மனெண்ட் ஆக்குவதாக இருந்தார்கள். அப்போது மதுவிலக்கு இருந்த காலம். குடித்துப் பிடிபட்டால் வேலை போவது மட்டுமில்லை, ஜெயிலுக்கும் போக வேண்டும்.

நான் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆனால் எழுதியும் இருந்தேன். அதை விளக்க வேண்டுமானால் எங்கள் யார்டின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

2. ஓட்டுகிறவன் பேர்தான் வண்டி பேர்

அறுபதுகளின் பின்பகுதி. திருவொற்றியூரில், ஹார்பரிலிருந்து வரும் இரும்புக் கம்பியையும் தகட்டையும் இறக்கி வைக்கும் பெரிய யார்டு. கம்பிக் கட்டு ஏற்றிய டிரெயிலரை இழுக்க ஆறு சின்ன டிராக்டர்கள். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். ஏதோ ஒரு நாட்டில் பழத்தோட்டத்துக்கென்று செய்த வண்டியை இங்கே கொண்டுவந்து இரும்பு இழுக்க விட்டிருந்தார்கள். அதன் தலையெழுத்து.

வண்டிக்கு நம்பர் இருந்தது. ஒருவரும் சொல்ல மாட்டார்கள். யார் ஓட்டுகிறாரோ அவர் பேர்தான் வண்டிக்கும். "மாணிக்கத்துக்கு பிரேக் புடிக்கல", "ஆரோக்கியம் சூடாயிட்டான், நெயலுல வுடு" என்பார்கள். கேட்பவனுக்கும் குழப்பம் இல்லை. ரிப்பேர் ரிஜிஸ்டரில் நானும் அப்படியே எழுதினேன். பேச்சில் வண்டி 'அவன்' என்பதால் எழுத்திலும் 'அவன்'தான்.

அந்த மாதம், ஆட்கள் விவகாரத்தைக் கவனிக்கப் புதிதாக ஒரு பர்சனல் ஆபீசர் வந்தார். தெற்கே பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். எல்லாப் பதிவேடுகளையும் மேஜைக்கு வரவழைத்துப் படித்தார். என் ரிஜிஸ்டரில் அவர் கண்ணில் பட்டது இது:

"ஆரோக்கியம்: காலையில் எழும்பவில்லை. நாலு பேர் தள்ளிய பிறகு கிளம்பினான்."

"ஆரோக்கியம்: நேராகப் போவதில்லை. இடது பக்கம் இழுக்கிறான்."

"ஆரோக்கியம்: தண்ணி அதிகம் குடிக்கிறான். காலையில் ஒரு குடம், மத்தியானம் ஒரு குடம். கீழே ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எல்லாம் உள்ளேதான் போகிறது."

இதைப் படித்துவிட்டு அவர் என்ன நினைப்பார்? இன்று யோசித்தால் அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

3. விசாரணை

விசாரணை செவ்வாய்க்கிழமையே முடிந்திருந்தது. நான் அன்று லீவு. ஆரோக்கியம் தன் வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று சந்தோஷமாகப் போயிருக்கிறான். குமாஸ்தா எழுதிய வாக்குமூலத்தை நான் பிறகு பார்த்தேன்.

"காலையில் ஒரு குடம், மதியம் ஒரு குடம். உண்மைதானா?"

"ஆமா சார். வெயில் நாள்ல மூணு கூடப் போவும்."

"யார் ஊற்றிக் கொடுக்கிறது?"

"நாந்தான் சார், என் கையாலயே ஊத்துவேன். வேற யாரையும் நம்ப மாட்டேன்."

"எங்கே வைத்து?"

"பின்னால, கெணத்தாண்ட."

"கிணற்றடியில் காய்ச்சுகிறார்களா?"

"காய்ச்சறதா? அதெல்லாம் வாணாம் சார். உள்ள போனா தானே கொதிச்சிக்கும்."

"நிறுத்திப் பார்த்தது உண்டா?"

"ஊத்தலன்னா பாதி வழில நின்னுக்குவான் சார். ஒரு அடி நவுர மாட்டான்."

"யாரு?"

"ஆரோக்கியந்தான் சார்."

இதற்குக் கீழே ஆபீசர் தன் கையால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "தன்னையே மூன்றாம் மனிதராகப் பேசுகிறார். இப்போதும் போதையில் இருப்பதாகத் தெரிகிறது." அதன் கீழே ஆரோக்கியத்தின் கையெழுத்து.

நான் ஆபீசர் அறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டிராக்டருக்குப் பேர் ஆரோக்கியசாமியா?"

"ஆமா சார். ஓட்டுறவன் பேரு."

"இப்போ அவர் சஸ்பெண்ட். இப்போ அதுக்கு என்ன பேர்?"

"மாணிக்கம் ஓட்டறான் சார். அதனால மாணிக்கம்."

"உயர்திணை, அஃறிணை படிச்சிருக்கீங்களா?"

"படிச்சேன் சார். அப்பால ஒர்க்‌ஷாப்புக்கு வந்துட்டேன்."

"தண்ணீர் குறையுதுன்னா ஒழுகணும். ஒரு சொட்டுகூடச் சிந்தலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒழுகலைக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

நான் திரும்பி வருவதற்குள் மாணிக்கம் டிராக்டரை நடு யார்டில் நிறுத்திவிட்டு இறங்கியிருந்தான். "மாமு, என் பேர அந்த புக்ல எழுதாத. எனக்கு புள்ள குட்டி கீது" என்று கும்பிட்டான். அடுத்த டிரைவரைக் கூப்பிட்டேன். அவன் கக்கூசுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அந்த வண்டிக்கு அன்று பேர் இல்லாமல் போயிற்று.

4. ஒழுகாத ஒழுகல்

எஞ்சின் சூட்டைத் தணிக்க இன்று பச்சைக் கலரில் கூலண்ட் என்று கேனில் விற்கிறார்கள். எங்களுக்கு யார்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். கடல் பக்கம் என்பதால் வாயில் வைக்க முடியாத உப்பு.

வெளியே தெரியும் இடங்களை முதலில் பார்த்தேன். ரேடியேட்டர் டியூப், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்பு, டிரெயின் காக், வாட்டர் பம்ப்புக்கு அடியில் உள்ள சின்னத் துளை. பம்ப் சீல் போயிருந்தால் அந்தத் துளையில் கசியும். வண்டிக்கு அடியில் தினசரித் தாளை விரித்து வைத்தேன். தாள் மொறமொறவென்று காய்ந்தே கிடந்தது.

வெளியே போகவில்லை என்றால் உள்ளே போகிறது. உள்ளே என்றால் இரண்டு வழி. எஞ்சின் ஆயிலில் கலந்தால் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வரும். துடைத்துப் பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. மிச்சம் ஒரே வழி, சிலிண்டர்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன். பெல்ட் இருந்தால் பம்ப் சுற்றித் தண்ணீரைக் கலக்கிவிடும், ஒன்றும் தெரியாது. ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பொளக் பொளக் என்று குமிழி வர ஆரம்பித்தது. தண்ணீர் கொதிக்கிற சூடு இன்னும் வரவில்லை. ஆகவே அது சிலிண்டரில் எரிகிற காற்று. எஞ்சினுக்கும் அதன் தலையான ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக வைக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், போயிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது காற்று தண்ணீருக்குள் போகும், நிறுத்தினால் தண்ணீர் சிலிண்டருக்குள் வரும். காலையில் எழும்பாததற்கும் அதுதான் காரணம். அந்தக் குமிழியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட மாதிரி என் கல்யாணத்தன்றுகூடச் சந்தோஷப்படவில்லை.

5. ஆபீசர் சட்டை

மறுநாள் வியாழக்கிழமை காலை ஆபீசரைக் கூட்டி வந்தேன். சஸ்பெண்ட் ஆனவன் உள்ளே வரக் கூடாது என்பதால் ஆரோக்கியம் கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குமிழியைக் காட்டினேன். "குமிழி தண்ணீரிலும் வரும், சோடாவிலும் வரும். இது சாட்சி ஆகாது" என்றார். சரி என்று பெல்ட்டை மாட்டி, மூடியை இறுக்கி, வண்டியை நன்றாகச் சூடேற்றி நிறுத்தினேன். உள்ளே பிரஷர் இருக்கும். அது தண்ணீரைச் சிலிண்டருக்குள் தள்ளும். அரை மணி நேரம் விட்டு, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில் இரண்டையும் கழற்றினேன். இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்: சிலிண்டரில் தண்ணீர் இருக்கும் என்ற சந்தேகம் வந்தால் நாசிலைக் கழற்றாமல் எஞ்சினைச் சுற்றாதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"ஆதாரத்தைப் பக்கத்திலிருந்துதான் பார்க்கணும்" என்று அவர் குனிந்தார்.

சுற்றினேன். முதல் சிலிண்டர் புஸ் என்று காற்றை விட்டது. இரண்டாவது சிலிண்டர், துரு கலந்த சுடுதண்ணீரை ஒரே பீச்சாக ஆபீசரின் வெள்ளைச் சட்டை, கண்ணாடி, நெற்றி விபூதி எல்லாவற்றின் மேலும் துப்பியது. கேட்டுக்கு வெளியே ஆரோக்கியம் "ஏசுவே" என்று கத்தினான்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். உதட்டை நக்கிப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது."

"நம்ம கெணத்துத் தண்ணி சார்."

"சாராயம் இல்லை."

"இல்ல சார்."

முடிந்தது என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டிராக்டர் தண்ணீர் குடிச்சதுக்கு இது ஆதாரம். ஒத்துக்கறேன். ஆரோக்கியசாமி குடிக்கலைங்கிறதுக்கு ஆதாரம் எங்கே? ரெண்டு பேருமே குடிச்சிருக்கலாமே? போலீசுக்கு ஒரு வாரம் கழிச்சு எழுதறேன். அதுக்குள்ள பதிவேட்டில் என்ன வருதுன்னு பார்க்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். பேசியும் பயனில்லை.

6. தலை கழற்றியது

ஹெட்டைக் கழற்றினேன். இரண்டாவது சிலிண்டருக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவில் கேஸ்கெட் நகக்கண் அகலத்துக்குக் கருகிப் போயிருந்தது. ஹெட்டின் அடிமுகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்கிற நேர்ச் சட்டத்தை வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டால் தாராளமாக உள்ளே போனது. சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறது. மட்டம் பிடிக்கக் கொடுத்தேன். அந்த வண்டிக்குக் கேஸ்கெட் ஊரில் எங்கும் இல்லை. யானைக்கவுனிப் பக்கம் ஒரு பட்டறையில் பழசை மாதிரியாக வைத்துச் செப்புத் தகட்டில் வெட்டி வாங்கினேன். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி முறுக்கினேன். இந்த இரண்டாவது முறுக்கைச் சோம்பேறித்தனத்தில் விட்டவர்கள்தான் அதே வேலையை இரண்டு தடவை செய்கிறார்கள்.

மூன்று நாள் நானே ஓட்டினேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குறையவில்லை. ரிஜிஸ்டரில் எழுதினேன். பழக்கதோஷம், பேர் தானாக வந்துவிட்டது. "ஆரோக்கியம்: தலையைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே வெந்திருந்தது. தலையைச் சீவி, திரும்ப மாட்டியாயிற்று. மூன்று நாளாகத் தண்ணி குடிக்கவில்லை."

ஆபீசர் அதைப் படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். "நல்ல முன்னேற்றம்" என்றார். கேலியா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இனிமேல் குடிக்க மாட்டேன்னு அவர் எழுதிக் கொடுக்கட்டும். கேஸை மூடிவிட்டுப் பெர்மனெண்டுக்குச் சிபாரிசு செய்யறேன்."

வேலை கிடைத்த மாதிரிதான். ஆனால் ஆரோக்கியம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான்.

"இனிமேன்னு எழுதினா, இத்தினி நாள் குடிச்சேன்னு அர்த்தம் ஆவுதா இல்லியா? நான் குடிக்கவே இல்லப்பா. பொய்ய எழுதி அதுல என் கையெழுத்தா? எட்டு வர்சம் போனா போவுது, நான் மூட்டை தூக்கிப் பொயச்சிக்கிறேன்."

அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். என் பேனாதான் அவனை அங்கே நிறுத்தியிருந்தது. வெட்கத்தில் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ எழுத வாணாம். நான் எழுதறேன்" என்றேன்.

எழுதினேன். இந்தத் தடவை திணை பார்த்து எழுதினேன். "ஆரோக்கியம் இனிமேல் தண்ணி குடிக்காது. குடித்தால் அதற்கு நானே பொறுப்பு. என் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கலாம். தேவராஜ், மெக்கானிக்." என் மனசில் டிராக்டர்தான் இருந்தது. கேஸ்கெட் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. பொய்யும் இல்லை.

ஆபீசர் படித்தார். சிவப்பு மசிப் பேனாவை எடுத்து, 'தண்ணி'யை அடித்து 'மது' என்று எழுதினார். 'குடிக்காது' என்பதை அடித்து 'குடிக்க மாட்டார்' என்று திருத்தினார்.

"மனுஷனை அஃறிணையில எழுதக் கூடாது தேவராஜ். மரியாதை வேணும்" என்று சொல்லிவிட்டு ஃபைலில் வைத்துக் கட்டினார்.

ஆரோக்கியம் மறுநாளே வேலைக்கு வந்தான். மாதக் கடைசியில் பெர்மனெண்ட் ஆர்டரும் வந்தது. அவன் குடித்தால் என் வேலை போகும் என்கிற காகிதமும் ஆபீஸில் பத்திரமாக இருந்தது. அது தெரிந்த நாள் முதல் அவன் ஆட்டம் தாங்கவில்லை. வண்டியைப் பார்க்க ஐந்து நிமிஷம் தாமதித்தால் போதும், "நைனா, போயி ஒரு கிளாஸ் ஊத்திகினு வரட்டா?" என்பான். அவன் வண்டிக்குத்தான் முதலில் ஆயில் மாறும்.

சில வருடம் கழித்து மதுவிலக்கை எடுத்தார்கள். கடைகள் திறந்த அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து, என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ராயபுரம் வரை அவன் பின்னாலேயே போனேன். கடை வாசலில் கூட்டமான கூட்டம். ஆரோக்கியம் சரியாக அதன் எதிரில் நின்றான். அவன் மெதுவாகத் திரும்பினான்.

"இன்னா நைனா, மூடியத் தொறந்து பாக்க வந்தியா?"

அவன் கிட்டே வந்து என் முகத்தில் ஒரு ஊது ஊதினான். வேர்க்கடலை வாசனை.

"ஊரே வரிசைல நிக்கிது. எனக்குந்தான் ஆச, ஒரு தபா இன்னான்னு பாக்கலாம்னு. முடியுதா? உன் காயிதம் வந்து நடுவுல நிக்கிது. குடிக்காதவன்தான் நான். இப்ப குடிக்கவே முடியாதவனா ஆக்கிட்டியே, பாவி" என்று என் தோளில் கையைப் போட்டு டீக்கடைக்கு இழுத்துப் போனான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒழுகல் வெளியே தெரியவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ரிஜிஸ்டரில் வண்டி நம்பரை எழுதுங்கள்.