துப்பாக்கி கழன்று கிடந்த ஞாயிறு

வங்கி வாசலில் காவல் நிற்பவருக்கு ‘ரெட்டைக்குழல்’ என்று பெயர் வைத்தது உள்ளே இருக்கும் காசாளர்தான். சொந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, சொந்த உரிமம். பெற்ற பிள்ளையைக்கூட மனுஷன் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை விடிந்தால் போதும், மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றிப் போட்டுவிடுவார். துண்டு துண்டாக இருக்கும் பித்தளைக் கம்பியைத் திருகிச் சேர்த்து, முனையில் பிரஷ்ஷை மாட்டி, குழலுக்குள் விட்டு இழுப்பார். அப்புறம் கரியைக் கரைக்கும் திரவம், வீடே நாறும். உள்ளே விட்ட துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடைப்பார். கடைசியில் எண்ணெய்.

இதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு. சுத்தம் செய்யும்போது தோட்டா கைக்கு எட்டவே கூடாது. எல்லாவற்றையும் இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்து அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார். நல்ல பழக்கம்தான். அதற்காக ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டுமா? சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் இதே பேச்சு. தங்கை புருஷனும் சோற்றைத் தின்றுகொண்டே அதைக் கேட்டிருக்கிறான்.

அவன் லாரி ஓட்டுபவன். அவன் அடித்த அடியில் தங்கையின் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவனும் பலமுறை தெருமுனைவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். உள்ளே துப்பாக்கி இருக்கிறதே! அந்த ஞாயிறு மட்டும் திரும்பவில்லை. கதவை எட்டி உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“எங்க என் பொண்டாட்டி?”

“இன்னும் ஒரு அடி எடுத்து வச்ச, சுட்டுடுவேன்!”

“எத வச்சு? அந்த பிரஷ்ஷ வச்சா?” அவன் சிரித்தான். “நீங்கதான மச்சான் சொன்னீங்க, இந்நேரம் தோட்டா அலமாரில, சாவி கடையிலன்னு.”

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தங்கையின் கூந்தலைப் பற்றி இழுத்துத் தரையில் போட்டான். கட்டுப் போட்ட கையைச் செருப்புக் காலால் மிதித்தான். இடுப்பிலிருந்து கத்தி வெளியே வந்தது.

“என்கூட வந்தா முழுசா வா. இல்லாட்டி உன் தலை மட்டும் வரும்,” என்றான் அவளிடம்.

அண்ணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. கம்பியால் அவன் முகத்தில் ஒரே வீச்சு. பித்தளை வளைந்தது. கத்தி அவருடைய தோளைக் கிழித்தது. திரவப் புட்டியை எடுத்து அவன் கண்ணில் கவிழ்த்தார். அவன் அலறிக்கொண்டு கண்மண் தெரியாமல் கத்தியை வீசினான். அவர் இரட்டைக் குழலை இரண்டு கையாலும் ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு உடைந்தது. கத்தி விழுந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை. விழுந்து கிடந்தவனை முழங்காலில் அடித்தார், விலாவில் அடித்தார், வாயில் அடித்தார். “எந்தக் கைடா அவளத் தொட்டது? எந்தக் கை?” பல் தெறித்தது. “விட்டுடுங்க மச்சான்” என்று அவன் உடையாத கையைத் தூக்கிக் கும்பிட்டான். “போதும்ண்ணா, செத்துடுவான்” என்று தங்கை காலைப் பிடித்தாள். அவளையும் உதறித் தள்ளிவிட்டு அடித்தார். மூடி மறைப்பானேன், அந்த நேரத்தில் அது அவருக்கு இனித்தது.

கை ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினார். கீழே கிடந்தவனுக்கு மூச்சு இருந்தது, அவ்வளவுதான். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை சுவரோரம் கிடந்தாள். அவர் குழலைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

“பயப்படாத. இனிமே உன்மேல ஒருத்தனும் கை வைக்க மாட்டான்.”

அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். அவள் முறிந்த கையையும் சேர்த்துத் தூக்கித் தலையை மூடிக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் பண்ணலண்ணா,” என்றாள். “அடிக்காதண்ணா.”