மாட்டு முதுகில் எண்ணெய் தடவியவன் பட்ட பாடு

மாட்டை வெட்டுகிறவருக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு, விற்கிறவருக்கும் உண்டு. அதன் முதுகில் எண்ணெய் தடவி, வயர் பூட்டிய ஒரு கட்டியை வைத்துப் பார்க்கிறவனுக்கு மட்டும் எந்த மரியாதையும் இல்லை. எழுபதுகளின் கடைசியில், திருகோணமலைத் துறைமுகத்தடியில் நான் செய்தது அந்தத் தொழில்தான். மேலிடம் ஒரு புது மெசினை உங்கள் தலையில் கட்டிவிட்டு, ஓடினால் பெயர் தங்களுக்கு, ஓடாவிட்டால் குற்றம் உங்களுக்கு என்று இருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அப்படிப் பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

கேட்காத சத்தம்

நான் வேலை செய்த குளிரறை, மாட்டை அங்கேயே அறுத்து, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு இறைச்சி கொடுத்து வந்தது. மேலே கொழுப்பு மெல்லிசாக இருந்தால் இறைச்சி குளிரில் காய்ந்து கறுத்துவிடும். அப்படிக் கறுத்ததைக் கப்பல்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அதற்காகத்தான் கொழும்பிலிருந்து அந்த மெசினும், அங்கே அதைப் பழகிய நானும் வந்து இறங்கினோம். பார்வைக்கு ஒரு பெரிய பிஸ்கற் பெட்டி. மாடு உயிரோடு நிற்கும்போதே முதுகில் கொஞ்சம் எண்ணெய் தடவி, சவர்க்காரக் கட்டியளவான ஒன்றை அதில் அழுத்த வேண்டும். காதுக்குக் கேட்காத சத்தம் தோலுக்குள் போய், கொழுப்பு முடிந்து சதை தொடங்கும் இடத்தில் பட்டுத் திரும்பும். திரையில் பச்சைக் கோடு துள்ளும். துள்ளுகிற இடத்தை வைத்துக் கொழுப்பின் தடிப்பைச் சொல்லலாம். அளவை ஒரு தகரத் துண்டில் எழுதி மாட்டின் காதில் கட்டுவேன். கொழுப்புப் போதாதென்றால் சிவப்புக் கயிற்றால் கட்டுவேன். அதை வெட்டாமல் மேய்ச்சலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அர்த்தம்.

மாரி தொடங்கும் வரை பரீட்சை. மெசின் நல்லதென்று முடிவானால் எனக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அது கொழும்புக்கு, நான் அதே ஊரில், லிங்கநகரில் இருக்கும் என் வீட்டுக்கு.

முதல் நாள், கிண்ணியாவிலிருந்து ‘பாதை’ என்கிற மிதவையில் மாடு ஏற்றித் தண்ணீரைக் கடந்து கொண்டுவரும் ஹனிபா நானா, தன் காளையின் முதுகில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு மெசினில் காதை வைத்தார். அது மனிதக் காதுக்குக் கேட்காது என்று நான் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எழும்பித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “கேக்காத சத்தத்த வச்சு மாடு வாங்கினா, தம்பி, கண்ணுக்குத் தெரியாத காசுதான் தருவீங்க போல.”

எண்ணெய்க் குளியல்

தம்பலகாமத்துக் கந்தவனம் அண்ணை வயல்காரர். எப்போதாவது ஒன்றிரண்டு மாடு கொண்டுவருவார். ஒருநாள் நான் எண்ணெய் தடவியதையும், உடனே பச்சைக் கோடு துள்ளியதையும், “நல்ல கொழுப்பு” என்று நான் சொன்னதையும் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்தவர் பேசாமல் போயிருக்கலாம். ஊருக்குப் போய் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை தம்பலகாமத்து மாடுகள் வந்து இறங்கியபோது எனக்கு அழுகைதான் வந்தது. கொம்பிலிருந்து வால் வரை எல்லாம் எண்ணெய். அந்த எண்ணெயில் கண்டி வீதியின் புழுதி முழுவதும் ஒட்டிக் களிமண்ணாகிக் கிடந்தது. ஈ மொய்த்தது. கட்டியை வைத்தால் வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போனது. திரையில் கோடு ஒரு இடத்தில் நிற்கவில்லை. சவர்க்காரம் போட்டு, தும்புக்கட்டையால் உரஞ்சி, ஒவ்வொன்றாகக் கழுவினேன். படித்த படிப்புக்கு இதுவும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கழுவினேன். வந்த கோபத்தில், யார் உங்களை எண்ணெய் பூசச் சொன்னது என்று கந்தவனம் அண்ணையிடம் கத்தினேன். அவருக்கு என்னைவிடக் கோபம்: “நீங்கள் ஒரு சொட்டுத் தடவினதுக்கே அவ்வளவு காட்டினது. நான் ஒரு போத்தல் நல்லெண்ணெய் ஊத்தினனான், கூடக் காட்டத்தானே வேணும்?”

கரண்ட் குடித்த மாடு

பட்டியில் பிளக் பொயின்ற் கிடையாது. அதனால் மெசினை ஒரு லொறிப் பற்றரியில் பூட்டி ஓட்டினேன். அதைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், குளிரறையில் மாட்டுக்குக் கரண்ட் கொடுத்து அரை உயிராக்கிவிட்டுத்தான் அறுக்கிறார்கள் என்று கதை கட்டிவிட்டான். அப்படியானால் அந்த இறைச்சி ஹலால் இல்லை. கத்தி பிடிக்கிறவர்கள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டார்கள். அவர்களில் பிழையில்லை, கேள்விப்பட்டதை நம்பிக்கொண்டு மார்க்கத்தை விட ஏலுமா? ஆனால் மெசினோடு நாள் முழுக்க நிற்கிற என்னிடம் ஒருவராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதனால்தான்.

கடைசியில் ஹனிபா நானா முன்னுக்கு வந்தார். மாட்டுக்கு வைப்பதை மனிதனுக்கு வைத்துக் காட்டச் சொன்னார். சேர்ட்டைத் தூக்கி என் இடுப்பில் வைத்துக் காட்டினேன். நான் பழக்கப்பட்டவன், அது கணக்கில்லை என்றார். அப்போது மனேஜர், வேலை நின்றுபோன ஆத்திரத்தில், தானே வந்து பெல்ற்றைத் தளர்த்தி இடுப்பைக் காட்டினார். மனேஜர் நல்ல தேகசாலி. எண்ணெய் தடவிக் கட்டியை வைத்தேன். பச்சைக் கோடு திரையின் அந்தக் கரை வரைக்கும் போய்த்தான் துள்ளியது.

மனேஜர் துள்ளவுமில்லை, துடிக்கவுமில்லை. எல்லோருக்கும் நிம்மதி. கத்திகள் திரும்பக் கைக்கு வந்தன. ஹனிபா நானா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை நாளில் கோட்டைப் படிக்கப் பழகியிருந்தார். மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல், உண்மையான ஆச்சரியத்தோடு சொன்னார்: “நான் கொண்டுவந்த மாட்டில ஒண்டுலயாவது இந்தளவு கொழுப்பைக் காணல்லயே, ஐயா.”

அன்றிலிருந்து மனேஜர் என் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. என் நிரந்தர வேலை அவருடைய ஒரு சொல்லில் இருந்தது. இதில் நான் செய்த பிழை என்ன என்று இன்றைக்கும் கேட்கிறேன்.

பொம்பிளை பார்க்கப் போனது

எங்கள் வீட்டில் மீன் மச்சம் கூட வெள்ளிக்கிழமைகளில் இல்லை. மாட்டிறைச்சி என்ற பேச்சே எடுக்க முடியாது. அம்மா எனக்குக் கிணற்றடியில் தனி வாளி வைத்திருந்தார். குளிக்காமல் குசினிப் பக்கம் தலை காட்டக் கூடாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பேசிய பெண்ணின் தகப்பனாரைத்தான் பொறுக்க முடியவில்லை.

கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, என்ன வேலை என்று கேட்டார். விளக்கமாகச் சொன்னேன். நான் வெட்டுகிறவன் இல்லை, அளக்கிறவன் என்றேன். இந்த மெசின் இல்லாவிட்டால் மெலிந்ததும் இளையதும் எல்லாம் கத்திக்குப் போகும், நான் சிவப்புக் கயிறு கட்டி எத்தனையோ உயிரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது. உள்ளேயிருந்து பெண் எட்டிப் பார்த்ததாகவும் ஞாபகம்.

அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். வேலை நிரந்தரமானால் பிறகு யோசிப்போம் என்றார். படலை வரை கூட வந்து, தோளில் கையும் போட்டு, மெதுவாகச் சொன்னார்: “வெட்டுறதைக்கூட விடுங்கோ, தம்பி. வெட்டுறதுக்கு முதல் எண்ணெய் தடவி விடுறியள் பாருங்கோ, அதைத்தான் என்னால தாங்க ஏலாமல் கிடக்கு.”

பெரியவர்கள் வந்த நாள்

மாரி இருட்டத் தொடங்கியபோது கொழும்பிலிருந்து பெரியவர்கள் மெசினைப் பார்த்து முடிவு சொல்ல வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் வருவதற்கு முதல் நாள் பட்டியில் நின்ற எல்லா மாட்டையும் அளந்து தகரம் கட்டிவைத்தேன். காலையில் அவர்கள் முன்னால் திரும்ப அளந்து காட்டினால் போதும். சலவைச் சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். பட்டியில் ஒரு மாடும் இல்லை.

மனேஜர் விடியவே எல்லாவற்றையும் அறுப்பித்து, உரித்து, குளிரறையில் தொங்கவிட்டிருந்தார். பெரியவர்கள் சாணி மிதிக்கக் கூடாதாம். சிவப்புக் கயிறு கட்டியவற்றையும் விடவில்லை. கந்தவனம் அண்ணையின் இளங்காளையும் அந்த வரிசையில் தொங்கியது. திரும்ப மேயவிடுங்கோ என்று நான் சொல்லி, அதைக் கொண்டுபோக அவர் மத்தியானம் வருவதாக இருந்தது. வழக்கப்படி காதிலிருந்த தகரத்தைக் காலில் மாற்றிக் கட்டியிருந்தார்கள், சிவப்புக் கயிற்றோடேயே. உயிரோடு நிற்கிற மாட்டுக்குத்தானே மெசின் என்று மனேஜரிடம் கேட்டேன். எங்கே வைத்தாலும் காட்டத்தானே வேண்டும் என்றார்.

கொழும்பிலிருந்து வந்தவர்களில் மூத்தவர் தடித்த கண்ணாடிக்காரர். மெசினை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார். நேற்று உயிரோடு அளந்த அளவுதான் தகரத்தில் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு அடிமட்டத்தை எடுத்து, வெட்டுவாயில் வெள்ளையாகத் தெரிந்த கொழுப்பில் வைத்து அளந்தார். தகரத்தைப் பார்த்தார். அடுத்ததை அளந்தார். அதையும் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தக் குளிருக்குள் எனக்கு வியர்த்தது. எண்ணெய்க் குளியல், கரண்ட் கதை, தனி வாளி எல்லாவற்றுக்கும் இன்றைக்கு ஒரு பதில் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் அடிமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, என் முதுகில் தட்டிச் சொன்னார்: “உங்கட கணக்கு அச்சொட்டாச் சரி, தம்பி. அடிமட்டமும் அதையேதானே சொல்லுது, பிறகு இந்த மெசின் என்னத்துக்கு?”

பிழையாகச் சொல்லியிருந்தால் திருத்திப் பார்க்கவென்றாவது இன்னும் கொஞ்சக்காலம் வைத்திருப்பார்கள். ஒன்றும் பிசகாமல் சொன்ன குற்றத்துக்குத்தான் மெசின் கொழும்பு லொறியிலும் நான் லிங்கநகர் பஸ்ஸிலும் ஒரே நாளில் ஏறினோம்.