ஜோதியக்காவின் நல்ல தண்ணீர்க் கிணறு

ஜோதியக்காவுக்கு எங்கள் தெருவில் இருந்த மரியாதையெல்லாம் கிணற்றால் வந்தது. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

திண்டுக்கல்லில் வீடு வாங்க வருகிறவர்கள் கூடத்தையும் அடுப்படியையும் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் ஒரு வாய் கிணற்றுத் தண்ணீர் கேட்பார்கள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் புரோக்கர் அப்போதே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். ஜோதியக்கா வீட்டில் மட்டும் இளநீர் மாதிரித் தண்ணீர். நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். என் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அவள் கிணற்றுத் தண்ணீரில் குழைந்து போகும். இது என்ன நியாயம்? தினமும் காலையில் எண்ணி இரண்டு குடம் கொடுப்பாள். மூன்றாவது குடத்தைப் பார்த்தால் ராட்டினக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிடுவாள். ஒவ்வொரு நாளும் வயிறு எரியத்தான் அந்த இரண்டு குடத்தையும் சுமந்து வந்தேன்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண் அவள். புருஷன் தண்டாயுதபாணி, வேடசந்தூர் நூல் மில்லில் டைம்கீப்பர். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. கிணறு வெட்டும்போது பாறை தட்டியது. "போதும், மூடிருவோம்" என்று அவர் சொன்னபோது, காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து வெடி வைக்கச் சொன்னவள் ஜோதியக்கா. பிள்ளை இல்லை. வாசலில் இட்லி போட்டாள். மோர்மிளகாயும் ஊறுகாயும் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்தாள். அதற்காகக் கல்லுப்பு மூட்டை மூட்டையாக வந்து அடுப்படி மூலையில் கிடக்கும். அவள் இட்லி பஞ்சாக இருந்ததற்கும் கைப்பக்குவம் காரணமில்லை, தண்ணீர்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்த யுவராணியோடு அவருக்குப் பழக்கம் என்பது மில் பஸ் டிரைவரிலிருந்து எங்கள் தெரு நாய் வரைக்கும் தெரிந்த பிறகு ஜோதியக்காவுக்குத் தெரிந்தது. அழுது புரளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராகக் கோர்ட்டுக்குப் போனாள். திண்டுக்கல் தனி மாவட்டமான மறுவருடம் அது. இருவரும் சம்மதித்துப் பிரிவதாக எழுதிக் கொடுத்தார்கள். வீட்டை விற்று ஆளுக்குப் பாதி என்று வக்கீல் சொன்னார்.

"போறவரு போகட்டும்டி சிவனம்மா" என்றாள் என்னிடம். "ஆனா அவ என் கெணத்துல வாளி விடக் கூடாது. எனக்கு அம்புட்டுத்தான் வேணும்."

பேகம்பூரிலிருந்து தோல் வியாபாரி முகமது பாரூக் வந்தார். தண்ணீரைக் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். யாரும் எதிர்பாராத விலையை அவராகவே சொன்னார். ஜோதியக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் தருவதாகப் பேச்சு.

அதற்குள் தண்டாயுதபாணி வந்து குட்டையைக் குழப்பினார். "பாய் தர்ற வெலைய நானே தாரேன். மில்லுல கடன் கெடைக்கும். ஞாயித்துக்கெழமை யுவராணியக் கூட்டிட்டு வாரேன். அவளுக்குப் புடிச்சிருந்தா நாங்களே எடுத்துக்கிறோம்" என்றார். பாதிப் பங்குக்காரர் கேட்டால் அவருக்குத்தான் முதல் உரிமை என்று வக்கீலும் சொல்லிவிட்டார்.

ஜோதியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "அவளுக்குப் புடிச்சிருந்தாவாம்ல! என் வீட்டுக்கு வந்து, என் தண்ணியக் குடிச்சு, அவ புடிச்சிருக்குன்னு சொல்லணுமாம்ல!" என்று கரண்டியைப் போட்டு உடைத்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இடுப்புவரை முடி என்று கேள்விப்பட்டதை அப்போதுதானா சொல்ல வேண்டும்? சொன்னேன்.

சனிக்கிழமை கோட்டை மாரியம்மன் கோயிலில் மாசித் திருவிழா. தெருவே கோயிலில் இருந்தது. தலைவலி என்று அவள் மட்டும் வீட்டில் தங்கிவிட்டாள். மத்தியானம் நான் திரும்பி வந்தபோது அவள் வீட்டு அண்டா, தவலை, குடம் எல்லாம் தண்ணீர் நிறைந்து தளும்பியது. கொடியில் இரண்டு சாக்குகளைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். நாளைக்கு ஆட்கள் வருகிறார்களே, வீட்டைச் சுத்தம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் என் இரண்டு குடத்தை எடுத்து வந்து காப்பி போட்டு ஒரு மடக்கு குடித்தவள், அப்படியே முற்றத்தில் துப்பினேன். கடல் தண்ணீர் கெட்டது போங்கள்! கொடியில் காய்ந்த சாக்குகள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. சுவர் ஓரம் ஓடிப்போய் நின்றேன்.

"என்னக்கா பண்ணித் தொலைச்ச?"

"கத்தாதடி. கொட்டிட்டேன். ரெண்டு மூட்டையும். அவ ஒரு வாய் குடிச்சுட்டு ஓடட்டும்."

"பாயி?"

"அவருதான் போன வாரமே குடிச்சுட்டாருல்ல. மறுபடி எதுக்குக் கேக்கப் போறாரு?"

மாசி மாதம் கிணற்றில் இடுப்பளவுத் தண்ணீர்தான் கிடந்தது. அதில் இரண்டு மூட்டை உப்பு.

பாரூக் பாய்தான் முதலில் வந்தார். கூடவே அவர் வீட்டம்மா. "வீடெல்லாம் நான் பாத்துட்டேன். தண்ணிய மட்டும் இவுக பாத்துட்டாப் போதும்" என்றார் சிரித்துக்கொண்டே. அண்டாவிலிருந்து எடுத்துக் கொடுக்க ஜோதியக்கா அடுப்படிக்கு ஓடினாள். "வேணாம்மா, கெணத்துல எறைச்சே குடுங்க" என்று அந்த அம்மா கிணற்றடிக்கே போய் நின்றுவிட்டார். ஒரு வாய் குடித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தார். பாய் வாங்கிக் குடித்துப் பார்த்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "கெணறு மாறிப்போச்சும்மா. அல்லா நாடல" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஜோதியக்கா ராட்டினத்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தெருமுனையில் பாய் திரும்பும்போதே இந்தப் பக்கம் தண்டாயுதபாணி யுவராணியோடு நுழைந்தார். இடுப்புவரை முடி உண்மைதான். நிலக்கோட்டை மல்லிகையும் வைத்திருந்தாள். ஜோதியக்காவின் கண் அந்தப் பூவிலேயே நின்றது.

"தண்ணி குடிம்மா" என்று தன் கையாலேயே இறைத்து, செம்பு வழிய நீட்டினாள்.

யுவராணி அண்ணாந்து குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். செம்பைக் கீழே வைத்துப் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"நல்லா இருக்குங்கக்கா. எங்கூருத் தண்ணிக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

வேடசந்தூருக்கும் அப்பால் ஒரு வறக்காட்டில் பிறந்த பெண் அவள். பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடித்ததில்லை. இதை ஜோதியக்காவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நல்ல தண்ணீரே குடித்துப் பழகியவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

தண்டாயுதபாணியும் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ஆள் விவரம். "கெணறு உப்பாயிருச்சு. இனி எவன் அந்த வெலை குடுப்பான்?" என்று வக்கீலிடம் போய் நின்றார். கிணறு கெட்ட செய்தியைப் புரோக்கர்கள் ஊரெல்லாம் பரப்பினார்கள். வாசல் பக்கம் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் பாய் சொன்னதில் பாதி விலைக்குத் தண்டாயுதபாணியே எடுத்துக்கொள்வதாக முடிந்தது.

"உப்புப் போட்டேன்னு சொல்லிரு அக்கா. எறைச்சு விட்டாச் சரியாப் போகும். பாய் மறுபடி வருவாரு" என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"சொல்லிட்டு? அவ முன்னால, பொறாமை புடிச்சவன்னு நான் நிக்கணுமா? நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். நீ சொன்னேன்னு வையி, உன் மொகத்துலயே முழிக்க மாட்டேன்."

நான் சொல்லவில்லை. ஜோதியக்கா பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டுக்குப் போனாள். அங்கேயும் கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. இட்லி கல்லாக வந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

கோர்ட்டில் தீர்ப்பானதும் ஆவணியில் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு குடிவந்தார்கள். ஐப்பசி மழையில் கிணறு நிரம்பியது. உப்பெல்லாம் எங்கே போனதோ, தண்ணீர் பழையபடி இளநீராகிவிட்டது. யுவராணி குடத்தை எண்ணுவதில்லை. "எத்தனை வேணுமோ எடுத்துக்கங்கக்கா" என்று கயிற்றை என் கையிலேயே கொடுத்துவிடுவாள். ஒருநாள் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். "வந்த புதுசுல நல்லா இருந்துச்சுங்க. மழை பேஞ்சதிலிருந்து தண்ணி சப்புன்னு போயிருச்சு."

இதை ஜோதியக்காவிடம் போய்ச் சொல்லலாமா? என் வாய் சும்மா இருந்தால்தானே!

மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் குழவியை நிறுத்தினாள். "என் தண்ணியா? சப்புன்னா இருக்காம்?" என்றாள். கையில் ஒட்டிய மாவை வழித்தாள். "உனக்கு எத்தனை குடம் தாரா?"

"கணக்கில்லக்கா."

அவள் முகம் கறுத்தது. மறுபடி குழவியைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் கிளம்பும்போது தலை நிமிராமல் சொன்னாள்: "நாளைக்கு வாரப்ப ஒரு செம்பு கொண்டா. எனக்குன்னு அவகிட்டச் சொல்லாத."

மறுநாள் பெரிய செம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று குடித்தாள். தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நான் நின்றேன். நெடுநேரம் குடித்தாள். பிறகு முந்தானையால் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவ சொன்னது சரிதான்டி. அவ வாளி பட்டதுலருந்து சப்புன்னுதான் போயிருச்சு" என்று செம்பை என்னிடம் நீட்டினாள்.

கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு மிச்சமில்லை.