மாமியாரைச் சாகடித்த இணையதளம்

எங்கள் குடும்ப வரலாற்றைத் திரட்டி, அதற்கென்றே உள்ள மென்பொருளில் ஏற்றி, இணையத்தில் வெளியிட்டு உறவினர்களுக்கெல்லாம் தெரிவித்தேன். மறுநாளே செகந்திராபாத் மெட்டுகுடாவில் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. மாமியார் எடுத்தார். அவர் “அலோ” சொல்வதற்குள், கொண்டாப்பூரில் இருக்கும் என் கணவரின் சித்தப்பா மகன் கத்தினார்.

“பெரியம்மா செத்ததைக்கூடச் சொல்லமாட்டீங்களா? தீட்டுன்னு பையன் காதுகுத்தையே நிறுத்திட்டேன்!”

“ஹவ்டா, ஆமாண்டா, செத்தவதான் பேசறேன்! யாருடா சொன்னது உனக்கு?”

“உங்க மருமக வெப்சைட்லதான் போட்டிருக்கு, பெரியம்மா…”

பதறிப்போய்ப் பார்த்தேன். பிறந்த தேதி இல்லாதவர்களை இறந்தவர்களாகக் காட்டும்படி மென்பொருளிலேயே அமைத்திருக்கிறார்கள்! எங்கள் வீட்டு ஆண்களுக்கெல்லாம் ஜாதகம் இருந்தது. அந்தக் காலத்துப் பெண்களுக்கு யாரும் தேதியே குறித்து வைக்கவில்லை. மாமியார், அவர் தங்கைகள், திருமுல்கேரி அத்தை என்று எல்லோரையும் ஒரேயடியாகச் சாகடித்துவிட்டது.

எந்தப் புண்ணியவான் வைத்த விதியோ! காதுகுத்தை நிறுத்துமுன் ஒரு போன் போட அந்தச் சித்தப்பா மகனுக்கும் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் தேதி தெரியாத பெண்களுக்கு நானே போன் செய்துவிட்டு, ‘உயிருடன் இருக்கிறார்’ என்று குறித்த பிறகுதான் வெளியிடுகிறேன். அவர்களே எடுத்துப் பேசுகிறார்கள். அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?