சொந்தமாக லேப்டாப் உண்டா?

எங்கள் கல்லூரியில் மாணவர்களிடம் சும்மா வேலை வாங்குவதற்கு ‘அனுபவம்’ என்று பெயர். சான்றிதழ் கொடுப்போம், மனசு இருந்தால் ஒரு சமோசா கொடுப்போம். வரலாற்றுத் துறையில் பதினைந்து வருடமாகப் பாடம் எடுக்கும் நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர், வீட்டில் இடமில்லை என்று நான்கு அட்டைப்பெட்டிப் படங்களை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். எல்லாம் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவம் கரையில் இருந்த வீடுகள். இப்போது அங்கே ஒன்றும் கிடையாது. ஆட்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். படங்களை ஸ்கேன் செய்து, எந்தச் சந்து, யார் வீடு என்று எழுதி, யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வைக்க நினைத்தோம். இதற்கு டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்று பெயர். பெயர்தான் பெரிது. வேலையில் பாதி, பெட்டியைத் திறந்து தூசி தட்டுவது.

படங்களின் பின்னால் ஓர் எழுத்துகூட இல்லை. அவற்றை எனக்குப் படித்துச் சொன்னவள் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி. அந்தக் கரையிலேயே பிறந்து, பள்ளியில் படிக்கும்போது குடும்பத்தோடு வெளியே அனுப்பப்பட்டவள். மதியம் வகுப்பு முடிந்ததும் தி.நகரில் ஒரு துணிக்கடைக்குப் போய், கடை மூடும்வரை நின்றபடி புடவை மடிப்பாள். போகும் வழியில் எனக்கு ஒரு மணி நேரம்.

“இது தண்ணி லாரி நிக்கிற எடம் மேம். பின்னாடி நீலக் கதவு கீது பாருங்க, அது எங்க அத்த வூடு.”

இப்படி ஆறு மாதம். பாதி நாள் சமோசாகூடக் கொடுக்கவில்லை.

கடை முடிந்து வீடு போய்ச் சேர்ந்து, மறுநாள் இரண்டு பஸ் மாறி முதல் வகுப்புக்கு வர அவளால் முடியவில்லை. வருகைப்பதிவு குறைந்துகொண்டே போனது. இன்னும் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதாமாதம் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் என்று ஒரு திட்டம் எழுதினேன். அவள் சொன்ன விவரங்களைத்தான் மாதிரியாகக் காட்டினேன். ஓர் அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. ஐந்து இடம், துணிக்கடையில் கிடைப்பதற்குக் குறையாத தொகை.

அவளிடம் சொன்னேன். “கெடச்சா அன்னிக்கே கடைய வுட்ருவேன் மேம்” என்றாள்.

விண்ணப்பப் படிவத்தையும் நானே தயாரித்தேன். அதில் ஒரு கேள்வி: சொந்தமாக லேப்டாப் உண்டா? இல்லாதவர்களுக்குத் துறையிலிருந்து கொடுக்கலாம், எத்தனை வேண்டும் என்று தெரிய வேண்டுமே என்பதற்காகக் கேட்டது. எதற்காகக் கேட்கிறேன் என்று மட்டும் எழுதவில்லை.

அலுவலகத்தில் வடிகட்டி ஐந்து பெயரை அனுப்பினார்கள். விடைத்தாள் கட்டுக்கு நடுவில் இருந்தேன். அவள் பெயர் இருக்கும் என்பதில் அவ்வளவு நிச்சயம், படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். அவள் இல்லை.

அலுவலகத்துக்கு ஓடினேன். “லேப்டாப் இல்லன்னு போட்டவங்கள மொதல்லயே கழிச்சுட்டோம் மேடம். கம்ப்யூட்டர் வேலதானே?” என்றார் எழுத்தர், உதவி செய்த முகத்தோடு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியைத் திட்டவும் வழியில்லை, கேள்வியை எழுதியது சாமியேதான். பட்டியல் அறக்கட்டளைக்குப் போய்விட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் முதல்வர்.

அவளை மாடிப்படியில் பிடித்தேன். இருக்கிறது என்று எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எல்லாரும் யெஸ்ஸு போடு, யாரு வந்து பாக்கப்போறான்னுதான் சொன்னாங்க. நீங்க கேட்டீங்க மேம். உங்ககிட்ட எப்டி பொய் சொல்றது?”

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு நம்முடையதாகவே இருக்காதே, அப்படி இருந்தது. “சரிம்மா” என்றேன். அவளும் “பரவால்ல மேம்” என்றாள். அந்தப் பருவத்தில் தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அதை மட்டும் முழுக்கப் படித்தேன். அதன் பிறகு அவள் கல்லூரிக்கு வரவில்லை. துணிக்கடையில் முழு நாள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள்.

ஐந்து பேரும் நல்ல பிள்ளைகள், வேகமாக வேலை செய்தார்கள். ஆனால் கரையை ஒருவரும் பார்த்ததில்லை. ஒருநாள் ஒரு படத்தை அடையாளம் தெரியாமல் எல்லோரும் நின்றுவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து ஒரு பெண் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். “அந்த அக்காவுக்குத் தெரியும் மேம்” என்றான் ஒருவன். படத்தை அவளுக்குப் போனில் அனுப்பினேன். சாப்பாட்டு இடைவேளையில் அவளே கூப்பிட்டாள்.

“எங்கம்மா மேம் அது! எங்க வூட்டு வாசப்படி. எங்ககிட்ட அந்த வூட்டு போட்டோ ஒண்ணுகூட இல்ல. இத நான் வெச்சிக்கட்டுமா மேம்?”

“வெச்சுக்கோம்மா” என்றேன். பெரிய மனசுக்காரியைப் போல. சந்தின் பெயர், பக்கத்து வீடு, எதிர்க் குழாய் எல்லாம் வரிசையாகச் சொன்னாள். சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

சொன்னதையெல்லாம் அந்தப் படத்துக்கான இணையப் படிவத்தில் தட்டச்சு செய்தேன். கடைசிக் கட்டம், ‘அடையாளம் காட்டியவர்’. அதில் பெயரை எழுத முடியாது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம் வாங்குபவர்கள் பெயர் மட்டும் அதில் வரும். உழைத்தவர்கள் பெயர் விட்டுப்போகக் கூடாது என்று அப்படி வைக்கச் சொன்னவளும் நான்தான். ஐந்து பெயருக்குக் கீழே ‘மற்றவர்’ என்று இருந்தது. அவள் ஆறு மாதம் சொன்ன படங்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே அதுதான் இருந்தது.

இதிலும் ‘மற்றவர்’ என்று குறித்துவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனேன்.