தகரப்பெட்டிப் படத்தின் முடிவு

சௌந்திரத்துக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேலத்துத் தியேட்டரை விட்டு வெளியே வந்தவள், வாயை இறுக்கிக்கொண்டு காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்தே அவள் புருஷன் வெள்ளியங்கிரி கலங்கிப்போனார். கலங்கட்டும். நன்றாகக் கலங்கட்டும்.

விஷயம் ஒரு பழைய படம். தொண்ணூறுகளில் வந்தது. படத்தின் பெயர் வேறு. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் தகரப்பெட்டிப் படம் என்றால்தான் தெரியும். புருஷன் மறித்தும் வெளியூருக்கு நர்ஸ் வேலைக்குப் போகத் துடிக்கிற ஒருத்தியின் கதை. கடைசியில் அவள் தகரப்பெட்டியோடு வாசலில் வந்து நிற்பாள். புருஷன் எதிரே நிற்பான்.

அதற்கு மேல் சௌந்திரம் பார்த்ததில்லை. அவள் வாக்கப்பட்ட ஊரில் எந்தப் பெண்ணும் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. மாட்டு வேலை, வீட்டு வேலை எல்லாம் முடித்துவிட்டு அவர்களால் சாயங்கால ஆட்டத்துக்குத்தான் போக முடியும். ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸோ, படம் முடியும் முன்பே கிளம்பிவிடும். கதை சூடு பிடிக்கிற நேரத்தில் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டு வரிசையாக எழுந்து ஓடுவார்கள். மேட்னிக்குப் போய் முழுசாகப் பார்த்துவிட்டு வந்த ஆண்கள், வீட்டில் சாப்பிடும்போது முடிவைச் சொல்வார்கள். பெண்கள் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். வில்லன் செத்தானா, பிள்ளை பிழைத்ததா, எல்லாம் இப்படி வாய்வழியாக வந்து சேர்ந்ததுதான்.

தகரப்பெட்டிக்கு வெள்ளியங்கிரி சொன்ன முடிவு இது: அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். புருஷன் அழுததைப் பார்த்து மனசு மாறி, அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். சுபம்.

அடுத்த வருஷமே சௌந்திரத்துக்கு வேலை ஆர்டர் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் டிரெய்னிங் முடித்து, வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து வைத்திருந்தாள். கெங்கவல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், அரசாங்க வேலை. வெள்ளியங்கிரி ஒரேயடியாக மறுத்தார். லாரி வைத்திருக்கிறவன் பெண்டாட்டி சம்பளத்துக்குப் போனால் ஊர் சிரிக்குமாம். அவள் கோபித்துக்கொண்டு இளம்பிள்ளையில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே வந்தவர் சண்டை போடவில்லை. குரலைத் தணித்து ஒன்றுதான் கேட்டார்.

"அந்தத் தகரப்பொட்டிக்காரி கடைசியில என்ன பண்ணுனா சௌந்திரம்? அவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சு போச்சா?"

சினிமாவைப் பார்த்து யாராவது வாழ்க்கையை முடிவு பண்ணுவார்களா என்று கேட்காதீர்கள். பண்ணினாள். அம்மா சொல்லி, அண்ணன் சொல்லி மசியாதவள் அந்தக் கேள்விக்கு மடங்கினாள். அந்த நர்ஸ் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். அவளே பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள் என்றால், வைக்க வேண்டியதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். கெங்கவல்லிக்கு வேறு யாரோ டீச்சராகப் போனார்கள்.

அதற்குப் பிறகு டிவியில் அந்தப் படம் வந்தபோதெல்லாம், கடைசிக் கட்டத்தில் வெள்ளியங்கிரி சேனலை மாற்றிவிடுவார். முடிவு தெரிந்த படத்துக்கு எதற்குக் கரண்ட்டு என்பார். இவளும் தோசைக்கல்லைப் போட எழுந்துவிடுவாள். மனுஷன் எத்தனை காலம் காவல் காத்திருக்கிறார் பாருங்கள்!

இப்போது அந்தப் படத்தைத் துலக்கி மறுபடியும் வெளியிட்டார்கள். எங்க காலத்துப் படம் மாதிரி வருமா என்று வாட்ஸப்பில் ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறவர் வெள்ளியங்கிரி. அப்பாவுக்கு ஆசை போல என்று மகள் கிருத்திகா மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். அவர் முதுகு வலி என்றார், வண்டிக்கு லோடு வருகிறது என்றார். மகள் விடவில்லை.

திரையில் நர்ஸ் பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது, வெள்ளியங்கிரி சௌந்திரத்தின் முழங்கையைத் தொட்டார். பார்க்கிங்கில் கூட்டமாகிவிடும், எழுந்திரு என்றார்.

அவள் கால் தானாகவே செருப்பைத் தேட ஆரம்பித்தது. பழகிப்போன கால். அப்புறம்தான் உறைத்தது, இப்போது எந்த பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும்?

"நீங்க போங்க. நான் பாத்துட்டு வாரேன்."

அந்தப் பெண் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. புருஷன் அழத்தான் அழுதான். அவள் அவனைத் தாண்டிப் படியிறங்கிப் போய் பஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தியேட்டரே விசிலடித்தது. கிருத்திகாவும் அடித்தாள். சௌந்திரம் புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பார்க்க வேண்டிய வயசில் பார்க்க வேண்டிய காட்சி அது. அதை விழுங்கி ஏப்பம் விட்டவர், எழுந்து போகவும் முடியாமல், பக்கத்து சீட்டில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

கார் கொண்டலாம்பட்டியைத் தாண்டியபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

"பொட்டியக் கீழ வெச்சாளாங்க?"

வெள்ளியங்கிரி முதலில் மறந்துபோச்சு என்றார். அப்புறம் ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகள் திரும்பி ஒரு முறை முறைக்கவும், பழி தன் தலையில் மட்டும் விழுவது பொறுக்காமல் உளறிவிட்டார்.

"நான் மட்டுமா சொன்னேன்? தனபாலு, சடையன், அன்னிக்கு மேட்னிக்கு வந்த அத்தன பேரும்தான். பொம்பளைங்க மனசு கெட்டுருமுன்னு பஸ்ஸுலயே பேசி வெச்சுக்கிட்டோம்."

பேசி வைத்துக்கொண்டார்களாம்! ஒரு பஸ் நிறைய ஆம்பிளைகள், ஒரு ஊர்ப் பெண்களுக்குப் பொய் சொல்வதற்கு. ஒருத்தனுக்குக்கூட வீட்டுக்கு வந்து நிஜத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. டிவியில் வந்தபோதும் வீட்டுக்கு வீடு சேனலை மாற்றியிருப்பார்கள்.

கிருத்திகா வண்டியை ஓரங்கட்டினாள். சௌந்திரம் போனை எடுத்து உஷாராணியைக் கூப்பிட்டாள். உஷாராணி தனபாலின் மனைவி. இருட்டில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவந்தவள். பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்றபோது, அவளையும் இதே நர்ஸைச் சொல்லித்தான் வீட்டில் உட்கார வைத்தார்கள்.

"உஷா, தகரப்பொட்டிக்காரி பொட்டியக் கீழ வெக்கல. தூக்கிட்டுப் போயிட்டா. இப்பத்தான் கடைசி வரைக்கும் பாத்துட்டு வாரேன்."

போனில் அந்தப் பக்கம், உஷாராணிக்குப் பின்னால் தனபால் காப்பி கேட்கிற குரல் வந்தது. இன்னொரு தரம் கேட்டார். உஷாராணி அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"அடுத்த ஆட்டம் எத்தன மணிக்குங்க அக்கா?" என்றாள்.